சூசையின் உள்ளங்கை

சூசையின் வள்ளத்தில் ஒரு சின்ன டீசல் இன்ஜின் இருந்தது. பாதிக் கடல் போனதும் அவர் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "சூடு அளவாத்தான் இருக்கு, ராசா" என்பார். அந்த ஒரு தொடுதலுக்காகவே அது ஓடியது.

ஒருநாள் அதன் பக்கத்தில் இரண்டு மீட்டர்களை மாட்டினார். ஒன்று எண்ணெயின் சூட்டைச் சொல்லும், மற்றது அழுத்தத்தை. அன்றோடு கை வைப்பது நின்றுபோனது. எந்நேரமும் அந்தக் கண்ணாடி முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து வந்ததுகளுக்கு இவ்வளவு கொஞ்சலா!" என்று பொருமியது இன்ஜின்.

"உங்க நிலவரத்தைத்தானே அண்ணே சொல்றோம்" என்றது சூட்டு மீட்டர்.

"எனக்குச் சூடு ஏறினா அந்தக் கை என்னைத்தான் தேடி வரும், பாரு!"

வேண்டுமென்றே கொதித்தது. ஒரு முள் ஏறியது, மற்றது இறங்கியது. சூசை பதறிப்போய் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். இன்ஜின் ஆசையோடு காத்திருந்தது.

அந்தக் கை மீட்டர்களின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தது. "நீங்க மட்டும் சொல்லலேன்னா, இந்தச் சனியன் என்னை நடுக்கடல்ல தவிக்க விட்டிருக்கும்" என்றார்.

ஓடாமல் நின்ற இன்ஜினின் சூடு இன்னும் ஒரு கோடு ஏறியது. மீட்டர் அதையும் அப்படியே காட்டியது.