எள் மட்டும் கருகிய சாலட்

"சீன சிக்கன் சாலட்டுக்குக் கடைக்கு எதுக்குப் போகணும் அத்தை? ஞாயித்துக்கிழமை மதியம் வாங்க, நானே செஞ்சு தர்றேன்" என்று போனில் அளந்துவிட்டிருந்தாள் மருமகள்.

ஞாயிறன்று கோழி ரப்பராக இழுத்தது. முட்டைகோஸ் சோயா சாஸில் மூழ்கித் தத்தளித்தது. கணவன் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, கடைத்தெரு சீன உணவகத்துக்கு போன் போட்டாள். வந்த சாலட்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டினாள். டப்பா குப்பைக்கூடையின் அடிக்குப் போனது.

மாமியார் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார். கணவன் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான்.

"அம்மா, உன் கைமணம் அப்படியே இவளுக்கும் வந்துடுச்சு."

மாமியார் நிதானமாக மென்றார். "நல்லாத்தான் இருக்கு. எள்ளு மட்டும் கொஞ்சம் கருகிப் போச்சு."

மருமகளுக்குச் சுருக்கென்றது. கடைச் சரக்கிலும் குறை கண்டுபிடிக்கிற நாக்கை என்ன செய்வது? தட்டுக் கழுவும்போது, "அடுத்த தடவை எள்ளைப் பார்த்து வறுக்கிறேன் அத்தை" என்றாள்.

மாமியார் கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ என்னம்மா பண்ணுவ? காலையில அதை வறுத்தது நான்தானே. ரெண்டு மாசமா அந்தக் கடையில வேலை பார்க்கிறேன். உன் புருஷனுக்குத் தெரிஞ்சா, இந்த வயசுல எதுக்குன்னு குதிப்பான். நீ என்னைக் காட்டிக் கொடுக்காதே, நானும் உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்."