லைக் போடாதவன்

அபுதாபி முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் விடிந்ததும் பல் தேய்க்காவிட்டாலும் பரவாயில்லை, கேம்ப் பாஸ் ஜெயசீலன் வாட்ஸ்அப் குரூப்பில் அருளும் பொன்மொழிக்கு லைக் போட்டுவிட வேண்டும். உழைப்பின் மகிமையை அவர் ஏ.சி. அறையில் சாய்ந்தபடிதான் எழுதுவார். லைக் போடாதவனுக்கு விசா புதுப்பிக்கும்போது ஏதாவது ஒரு காகிதம் காணாமல் போய்விடும்.

அன்று சோலைமுத்து போடவில்லை. ட்யூட்டி முடிந்ததும் ஆபீஸுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

"போச்சு. அடுத்த மாசம் உனக்கு விசா முடியுதுல்ல?" என்றான் ரூமில் இருந்த சுரேஷ்குமார்.

"போன் ரிப்பேர் கடையில கெடக்குடா. அவரு என்ன போட்டாருன்னே எனக்குத் தெரியாது."

"எங்களுக்கு மட்டும் தெரியுமா? படிச்சிட்டா லைக் போடுறோம்? போய்க் கால்ல விழுந்துரு மாப்ள."

சோலைமுத்து ஆபீஸுக்குள் போனான்.

"காலையில நான் போட்ட மெசேஜுக்குக் கேம்ப்பே லைக் போட்டிருக்கு," என்றார் ஜெயசீலன். "நாலு பேர் 'சூப்பர் சார்'னு வேற எழுதியிருக்கானுங்க. நீ ஒருத்தன்தான் எதுவும் போடல."

"தப்புதான் சார், மன்னிச்சிருங்க. என் போன்..."

"நீ ஏன்யா மன்னிப்பு கேக்குற?" ஜெயசீலனின் குரல் உடைந்தது. "ராத்திரி ஊர்ல எங்கம்மா தவறிட்டாங்க. அதைத்தான் போட்டிருந்தேன். இந்தக் கேம்ப்ல நான் எழுதுறதைப் படிக்கிறவன் நீ ஒருத்தன்தான்யா."

சோலைமுத்து போன் கதையை அப்படியே விழுங்கினான்.

"தங்கமான மனுஷி சார்," என்றான், அந்த அம்மாவை ஒருநாளும் பார்த்திராதவன்.