மூன்றாவது அழைப்பு

“கட்டட ஓனர் லீஸை ரத்து செஞ்சது செல்லாதுன்னு தீர்ப்பாயிடுச்சு. கடை உங்களுக்குத்தான்,” என்றார் வக்கீல்.

கடிகாரக் கடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

“இன்னைக்கும் கோர்ட் டவாலி உங்க பேரை மூணாவது தடவை கூப்பிட்டப்புறம்தான் எழுந்தீங்க. காது கேக்கலையா?”

“நல்லாக் கேக்கும் சார்.”

வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. “இன்னும் அஞ்சு வருஷம் இருக்கலாம்னு ஓனரே கைப்பட எழுதின லெட்டர். போன மாசம்தான் எடுத்து நீட்டுறீங்க. நாலு வருஷமா எங்க இருந்துச்சு?”

“கடை டிராயர்லதான்.”

“முதல் வாய்தாவுலயே கொடுத்திருந்தா அப்பவே கேஸ் முடிஞ்சிருக்குமே.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா என்னை இப்படி அலையவிட்டீங்க?”

கடைக்காரர் கைக்குட்டையை மடித்தார். “கடைக்கு வர்றவங்களுக்கு நான் வாட்ச்காரர். எங்கம்மா போனப்புறம் என் பேரை வாய் நிறையச் சொல்லிக் கூப்பிட்டது இந்த டவாலி ஒருத்தர்தான். அதான் மூணாவது தடவை வரைக்கும் உக்காந்திருப்பேன்.”

வக்கீலின் குரல் இறங்கியது. “அப்புறம் ஏன் லெட்டரைக் கொடுத்தீங்க?”

நீதிமன்ற வாசலில் புதிதாக மாட்டி, இன்னும் உறை பிரிக்காத மின்னணுத் திரையை அவர் காட்டினார்.

“போன மாசம்தான் கேள்விப்பட்டேன். இனிமே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்களாம். அதுல கேஸ் நம்பர் மட்டும் வருமாம்.”