ஏழாம் நம்பர் முனி

ஏழாம் நம்பர் தேயிலை மலையில் முனி இறங்கியிருக்கிறது என்று, வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் வேலாயி சொன்னாள். விடியலில் அது அழுத அழுகையில் தனக்குக் குலை நடுங்கிவிட்டதாம். கொழுந்து நிறுக்கும் பிரதாப் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அழுதது முனியல்ல, அவன்தான். அதுவும் அழவில்லை, பாடினான். மனைவி சுலக்ஷனாமேல் அவனே கட்டிய காதல் பாட்டு.

நாள் முழுக்கத் தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்து அவனுக்குத் தூக்கம் போய், புத்தி கலங்குகிற நிலைக்கு வந்திருந்தான். பிடித்த காரியத்தைத் தினம் ஒரு மணி நேரம் செய்யச் சொன்னார் ஹட்டன் டாக்டர். பாட்டுக் கட்டினான், அவனுக்குத் தூக்கம் வந்தது, லயத்தின் வரிசை வீடுகளில் மற்றவர்களுக்குப் போனது.

பாட்டா நானா என்று கேட்டுவிட்டு, கினிகத்தேனையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டினாள் சுலக்ஷனா. ஆளில்லாத ஏழாம் நம்பரில் விடியலில் பாடிவிட்டு ஆறரைக்குள் வீடு திரும்புவது என்று கடைசியில் ஒப்பந்தமானது. வீடும் தலையும் ஒருவழியாக அமைதியாயின.

இப்போது முனி! மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வெலவெலத்துப்போய், பெண்களைச் சமதரையாகக் கிடக்கும் மூன்றாம் நம்பருக்கு மாற்றினார். தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னதொரை மட்டும் முனியை நம்பவில்லை. மூன்று வாரமாக ஏழாம் நம்பரில் கொழுந்து முற்ற, அட்டைகள் மட்டும் குடித்தனம் நடத்தின.

வேலாயி தினமும் மலையடிவாரக் கல்லில் முனிக்குப் படையல் வைத்தாள். சாராயம், சுருட்டு எதுவும் இல்லை. பிளாஸ்க்கில் இஞ்சி போட்ட பிளேன்டீ, பக்கத்தில் கற்கண்டு. தொண்டை வறண்டு இறங்கும் பிரதாப், முனி மன்னிக்கும் என்று அதைக் குடித்துவிடுவான்.

ஆனால் மனசு கேட்கவில்லை. தன்னால் ஒரு தோட்டமே நடுங்குகிறதே என்று மறுபடியும் தூக்கம் போயிற்று. பாட்டை விட்டால் புத்தி போகும், வீட்டில் பாடினால் மனைவி போவாள். புத்தி போனால் போகட்டும் என்று, மூன்றாம் நம்பருக்குக் கொழுந்து நிறுக்கப் போன இடத்தில் வேலாயியைத் தனியே கூப்பிட்டான்.

"அக்கா, முனியெல்லாம் இல்லங்க. நான்தான் பாடுனேன். பயப்படாதீங்க, நாளையில இருந்து நிப்பாட்டிர்றேன்."

வேலாயி கூடையை இறக்கிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். கண்டாக்கு ஐயா தூரத்தில்தான் இருந்தார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. நீங்க நிப்பாட்டுனா, அந்தச் செங்குத்துல அட்டைக்கடி வாங்கிக்கிட்டு நாங்கல்ல ஏறணும்?"

அவன் கையில் ஒரு பொட்டலம் கற்கண்டைத் திணித்துவிட்டு வேலாயி சொன்னாள்:

"நேத்து சின்னதொரை பாதி மலை வரைக்கும் ஏறிட்டாரு. நாளைக்குச் சரணத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடுங்க."