அஞ்சு நாளும் ஆபீஸ்

புதுச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு காலை நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டுதான் அவள் இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு கடித்த குதிகால் எரிந்தது. லேப்டாப் கேமராவில் தெரிவது தோளுக்கு மேலேதான் என்பதில் ஒரு நிம்மதி.

திரையில் மேலாளர். அவருக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், வரிசையாக மேசைகள். அவர் தலையாட்டும்போதெல்லாம் காதோரம் மட்டும் படம் லேசாகக் கலங்கியது.

"டேட்டாவுல பாதிப் பேரோட வயசு விட்டுப்போயிருக்கு. என்ன செய்வீங்க?"

"நிரப்புறதுக்கு முன்னாடி ஏன் விட்டுப்போச்சுன்னு பார்ப்பேன் சார். அவங்க சொல்லாம விட்டாங்களா, நாம கேக்காம விட்டோமான்னு தெரியாம சராசரியைப் போட்டு ரொப்பினா, வர்ற விடை எல்லாமே கோணலாத்தான் வரும்."

மேலாளரின் புருவம் உயர்ந்தது. "பரவாயில்லையே! இன்னிக்குப் பேசினவங்கள்ல யாரும் இப்படிச் சொல்லலை."

படிப்பு முடிந்ததிலிருந்து அவள் விண்ணப்பிக்காத கம்பெனியில்லை. புதியவர்களுக்கான வேலை என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, அனுபவம் எங்கே என்று கேட்டவர்களே அதிகம். கடைசிச் சுற்றுவரை வந்தது இங்கேதான்.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் மேலாளர். "வாரம் அஞ்சு நாளும் ஆபீஸ் வரணும்."

"விளம்பரத்துல ரெண்டு நாள்னு போட்டிருந்தீங்களே சார்? அப்பாவால நடக்க முடியாது. நானும் அக்காவும் முறை வச்சுப் பார்த்துக்கறோம். அதை நம்பித்தான் அப்ளை பண்ணேன்."

"அதெல்லாம் சும்மா போடறதும்மா."

கதவு லேசாகத் திறந்தது. "தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?" என்றது ஒரு பெண்குரல்.

"யாரு, அக்காவா?" மேலாளர் சிரித்தார். "பார்த்தீங்களா, இதுக்குத்தான் சொல்றேன். வீட்டுல உக்காந்தா தண்ணி, டீ, அரட்டைன்னே நாள் ஓடிடும்."

அவள் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "இங்க என் டீம் மொத்தமும் பக்கத்துலயே இருக்கு. சந்தேகம்னா தலையைத் திருப்பினா போதும், பதில் கிடைச்சுடும். உங்க வயசுக்காரங்களுக்கு வீட்டை விட்டுக் கிளம்பறதுன்னாலே சோம்பல்."

சோம்பல் என்ற சொல் சுருக்கென்று தைத்தது. தலையாட்டினால் வேலை உறுதி. இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து.

"சரின்னு சொல்லுங்க, இன்னிக்கே ஆர்டர் அனுப்பச் சொல்றேன்."

அவள் காலைக் கீழே இறக்கி, செருப்பை மாட்டிக்கொண்டாள். "டீம் மொத்தமும் இப்ப உங்க பக்கத்துலதான் இருக்கா சார்?"

"பின்ன? தினமும் இங்கதான்."

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். லேப்டாப்பை இரு கைகளாலும் தூக்கி வெளியே நீட்டி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். ஆளில்லாத மேசைகள், அணைந்து கிடந்த கணினிகள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத நாற்காலிகள்.

மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. "இது... நீங்க எங்க இருக்கீங்க?"

"மெயில்ல இருந்த அட்ரஸுக்குக் காலையிலயே வந்துட்டேன் சார். இப்ப தண்ணி வேணுமான்னு கேட்ட ரிசப்ஷன் மேடம்தான் இந்த ரூம்ல உக்கார வச்சு, வீடியோவுல பேசச் சொன்னாங்க. உங்க ஆபீஸ்லதான் இருக்கேன். நீங்கதான் இன்னும் வரலை."