கூடுதலாக எண்ணிய கருவி

மலைக்குள் குடைந்த சுரங்கம் ஒன்றில் இரண்டு கருவிகள் அக்கம்பக்கமாக இருந்தன. கனமான குவார்க் என்ற நுண்துகள் ஒன்று சிதையும்போது சில சமயம் எலக்ட்ரான் வரும், சில சமயம் அதன் கனமான உறவுத் துகளான மியூவான் வரும். மூத்த கருவி எலக்ட்ரான்களை எண்ணியது, இளையது மியூவான்களை எண்ணியது. இரண்டும் சம அளவில் வர வேண்டும் என்பது பழைய விதி.

ஆனால் மூத்ததன் எண்ணிக்கை எப்போதும் கூடுதலாகவே இருந்தது. விதி உடைந்தது, புது இயற்பியல் கிடைத்துவிட்டது என்று விஞ்ஞானிகள் கொண்டாடினார்கள். மூத்ததற்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள்.

இளையதற்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பல நாள் உற்றுப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னது: "அண்ணே, வேற துகளெல்லாம் எலக்ட்ரான் வேஷம் போட்டுக்கிட்டு உங்க வாசல்ல நுழையுது. நீங்க அதையும் சேர்த்து எண்ணுறீங்க."

"மூணு வருஷமாத் தெரியும்டா," என்றது மூத்தது. "பொட்டு வெச்சுட்டாங்களே, இனி எப்படிச் சொல்றது?"

இளையதால் பொறுக்க முடியவில்லை. தலைமை விஞ்ஞானி பூங்கோதை வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அவர் ஒரு வாரம் உட்கார்ந்து சரிபார்த்தார். வேஷம் போட்டவற்றைக் கழித்ததும் இரண்டு எண்ணிக்கையும் சமமாயின. பழைய விதி அசையாமல் நின்றது.

மறுநாளே ஆட்கள் வந்து இளையதைக் கழற்றினார்கள்.

"என்னை எதுக்கும்மா கழட்டுறீங்க?"

"நீ சரியா எண்ணுறியான்னு சோதிக்கணும்," என்றார் பூங்கோதை, அதைப் பார்க்காமலே.

"அப்போ அண்ணன்?"

"அது நல்ல கருவி. பாவம், ஏமாந்துபோச்சு."

பக்கத்தில் இருந்த மூத்தது எண்ணுவதில் மும்முரமாக இருந்தது.