எழுபத்துநாலு டிகிரியில் ரெண்டு மணி நேரம்

கும்மிடிப்பூண்டியில், ஒரு லேத் பட்டறையின் மேல்மாடியில் பல்செட் லேப் வைத்திருக்கும் பீட்டருக்குக் காலை பத்தரைக்குத் திருவள்ளூரிலிருந்து போன். பேசியவன் வரதன். அவனுக்கும் இதே தொழில்.

"மாமே, ஆபீசர் ஒருத்தரு லேப் லேபா ஏறிக்கினு இருக்காராம். இங்க ஒரு கடையை இழுத்துப் பூட்டிட்டாரு. உன் சைடு வந்தாலும் வருவாரு, உஷாரு!"

பீட்டர் சட்டென்று அடுப்பைத் திரும்பிப் பார்த்தான். பயத்துக்குக் காரணம் அங்கேயே கொதித்துக்கொண்டிருந்தது.

பல்செட்டுக்கான ரோஸ் மாவைப் பித்தளை அச்சில் அடைத்து இறுக்கி, வெந்நீரில் பதமாக வேகவைக்க வேண்டும். எழுபத்துநாலு டிகிரியில் ரெண்டு மணி நேரம், அப்புறம் கொதிநீரில் ஒரு மணி நேரம், பிறகு தானாக ஆற வேண்டும் என்று பவுடர் டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. பீட்டருக்கு அவ்வளவு பொறுமை ஏது? தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் அச்சைப் போடுவான், முட்டை மாதிரி அரை மணியில் எடுத்துவிடுவான். உள்ளுக்குள் ஆப்பம்போலப் பொத்தல் பொத்தலாக இருக்கும். மேலே பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கி, முழு வேக்காட்டுக்கு உள்ள விலையை வாங்கிக்கொள்வான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வெள்ளைச் சட்டை, முகத்தில் மாஸ்க், கக்கத்தில் ஃபைல். அறுபது வயதிருக்கும். வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராக அடுப்பருகே போய் மூடியைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் பீட்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே கடைக்குப் பாதி சீல் விழுந்துவிட்டது.

"வாங்க சார், வாங்க! ஹெலன், சாருக்கு சேர் போடு!"

மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்த பீட்டரின் மனைவி ஹெலன், முந்தானையாலேயே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. மேஜையில் வேகக் காத்திருந்த நாலு அச்சுகளின் சீட்டுகளையும் படித்து, ஒன்றைத் தொட்டுக் காட்டினார். பொத்தல் என்று ரெண்டு தடவை திரும்பி வந்த கேஸ்!

"எவனோ பெட்டிஷன் போட்டுட்டான்டி," என்று ஹெலன் காதில் முனகிய பீட்டர், குரலில் தேனைத் தடவிக்கொண்டான். "சார், நமக்குள்ள பேசி முடிச்சிக்கலாமே?"

வந்தவர் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டாயிரமா சார்?"

இல்லை என்று தலை ஆடியது.

"ரெண்டு லட்சமா? ஐயோ சார், என்னையும் சேர்த்து வித்தாலும் வராது சார்!"

அவர் ஃபைலைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். 'எழுபத்துநாலு டிகிரி, இரண்டு மணி நேரம்' என்று பேனாவில் எழுதி, அடியில் அழுத்திக் கோடு போட்டிருந்தது.

பீட்டருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. திரும்பிய கையோடு பேரமும் வந்துவிட்டது.

"ஒண்ணரை மணி வெச்சிக்கலாம் சார். நம்ம ஊரு தண்ணி, சீக்கிரம் வெந்துரும்."

இரண்டு விரல்.

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், ஒண்ணே முக்கால்!"

இரண்டு விரல்.

அடுப்பு தணிந்தது. வருஷக்கணக்காக டப்பாவில் தூங்கிய தெர்மாமீட்டர், தூசி தட்டப்பட்டுத் தண்ணீரில் இறங்கியது. வந்தவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சூடு எழுபத்தாறுக்கு ஏறினால் இருமுவார். எழுபத்திரண்டுக்கு இறங்கினாலும் இருமுவார். பீட்டர் அடுப்புத் திருகைப் பிடித்தபடி ஆணி அடித்தாற்போல் நின்றான்.

மதியம் மட்டன் பிரியாணி வரவழைத்தார்கள். தள்ளி வைத்துவிட்டார். சுடச்சுடப் பக்கோடா வந்தது. அதையும் தொடவில்லை. டீயை மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக் குடித்தார். டீ டம்ளருக்கு அடியில் பீட்டர் சொருகி வைத்த கவர், பிரிக்கப்படாமல் அப்படியே திரும்பி வந்தது.

"பேசமாட்டேன்றாரு, துன்னமாட்டேன்றாரு, வாங்கவும் மாட்டேன்றாரு," என்று ஹெலன் கிசுகிசுத்தாள். "யோவ், போயும் போயும் இவ்ளோ நேர்மையான ஆளாண்டயா மாட்டிக்கினே? கடைய மூடிட்டா சோத்துக்கு இன்னா வழி? தேர்வாய் கண்டிகைல கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்களாம், இப்பவே எழுதிப் போடு."

கொதிநீரில் ஒரு மணி நேரம் ஆயிற்று. சீக்கிரம் ஆறட்டுமே என்று பீட்டர் குழாய்த் தண்ணீரைத் திறக்கப் போனான். இருமல் வந்தது. குழாயை மூடினான்.

நாலரை மணிக்கு அச்சைத் திறந்து, மாவுக்கட்டை உடைத்து, ராவி, பாலிஷ் போட்டு, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான். ரோஜா நிறத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. மருந்துக்கு ஒரு பொத்தல் இல்லை. பன்னிரண்டு வருஷத் தொழிலில் இப்படி ஒரு செட்டைப் பீட்டரே பார்த்ததில்லை.

"சார், இனிமே எல்லாமே இந்த மாதிரிதான் சார். இந்த ஒரு தபா மட்டும் ரிப்போர்ட்ல ஒண்ணும் எழுதிடாதீங்க!" என்று இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தான்.

வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். குழாயில் கழுவினார். சுவர்க் கண்ணாடியின் முன் நின்று, மாஸ்க்கைக் கழற்றி, மேல்செட்டை மாட்டினார், கீழ்செட்டை மாட்டினார். நறுக் நறுக்கென்று ரெண்டு கடி கடித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"ரிப்போர்ட்டா? அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும் நைனா, மூணாவது வாட்டியாச்சும் உம் பல்லு ஒழுங்கா வரணும்னா நீயே லேபுக்குப் போய்க் குந்திக்கோன்னு டாக்டரு சொன்னாரு, வந்து குந்திக்கினேன்."